பாரிட் சூலோங் பாலத்தருகே

ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் கல்விச் சுற்றுலாவாகப் பாரிட் சூலோங்கிற்குச் சென்று வந்தோம். மூவாரிலிருந்து பக்ரி வழியாகச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் செம்பனை மரங்கள் நின்றன. "இச்சாலையில்தான் 1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கடும்போர் நடந்தது" என ஆசிரியர் கூறும்வரை நாங்கள் பாடிக்கொண்டும், பொட்டலத்து நாசி லெமாக்கை உண்டுகொண்டும் இருந்தோம்.

கண்ணாடிப் பேழைகளில் துப்பாக்கிகளைக் காணலாம் என எண்ணிச் சென்ற எங்களுக்குச் சிறிது ஏமாற்றமே. நாங்கள் கண்டவை சிம்பாங் கீரி ஆறும், அதன்மேல் ஒரு பாலமும், அருகே ஒரு நினைவுச் சின்னமுமே. இப்பொழுதுள்ள பாலமும் அன்றைய பாலம் அன்று. ஆயினும், ஆற்றங்கரையில் எங்களை அமரச் செய்து ஆசிரியர் கூறியவற்றை நாங்கள் எளிதில் மறவோம்.

சப்பானியர் மூவாரைத் தாக்கியபோது எதிர்த்து நின்றது 45ஆவது இந்தியப் படையணி. கடுவால், சாட், இராசபுதனப் படைப்பிரிவுகளைச் சேர்ந்த அவ்வீரர்கள் சிங்கப்பூரில் வந்திறங்கி இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. பாலைவனப் போருக்கெனப் பயிற்சி பெற்றவர்களை இரப்பர்க் காட்டிற்கு அனுப்பிவிட்டனர். அவர்களுள் பலர் 18 வயதும் நிரம்பாதவர்களாம். அதாவது, எங்கள் அண்ணன்மாரின் வயது!

துணைக்கு வந்த ஆஸ்திரேலியரும் அவர்களும் சேர்ந்து, கர்னல் ஆண்டர்சன் தலைமையில், பக்ரியிலிருந்து போரிட்டுக்கொண்டே பின்வாங்கினர். பாரிட் சூலோங்கை அடைந்தபோது பாலம் சப்பானியர் கையில் இருந்தது. காயம்பட்டோரை ஏற்றிய இரண்டு மருத்துவ வண்டிகளைக் கடக்க விடுமாறு ஆண்டர்சன் வேண்டினார். "சரணடைந்தால்தான் விடுவோம்" என்று கூறிய சப்பானியர், அவ்வண்டிகளைப் பாலத்திலேயே நிறுத்தி வைத்தனர். இரவில், காயம்பட்டிருந்த ஓர் அதிகாரி வண்டியின் தடையை மெல்லத் தளர்த்த, வண்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு தம்மவரிடமே திரும்பிவிட்டன. இதைக் கேட்டதும் நாங்கள் கைதட்டினோம். ஆசிரியர் கைதட்டவில்லை.

சனவரி 22இல், நடக்க இயன்றோர் சதுப்பு நிலத்தினூடே யோங் பெங் நோக்கிச் சென்றனர். நடக்க இயலாதோர் இங்கேயே விடப்பட்டனர். ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அவ்வாறு சிறைப்பட்டுக் கொல்லப்பட்டனர். உடல்களுக்கும் தீ வைத்தனர். இறந்தவர்போல் கிடந்து உயிர் தப்பிய ஹாக்னி என்னும் அதிகாரி பின்னர்ச் சான்று கூறினார். தளபதி நிசிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.

"அந்த 40 பேரின் பெயர்கள் என்ன, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் உள்ளன என்றார் ஆசிரியர். இந்த 40 பேர் இன்னின்னார் எனச் சொல்லத் தமக்குத் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். நம் முன்னோர் நடுகல்லில் பெயர் பொறித்த வழக்கத்தை வகுப்பில் படித்திருந்தமையால் எங்களுக்கு அது பெருங்குறையாகத் தோன்றியது.

அப்பொழுது எப்பொழுதும் பேசாத எங்கள் தோழன் ஒருவன், "என் பாட்டியின் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள், ஐயா. அவர் திரும்பவே இல்லை" என்றான். அவர் பெயரை வினவியபோது அவன் விழித்தான். எங்களில் எத்தனை பேருக்கு நம் பூட்டனாரின் பெயர் தெரியும்? திரும்பும் வழியில் ஒருவரும் பாடவில்லை.

மறுநாள் காலை அவன் பாட்டியாரிடம் கேட்டு வந்து அப்பெயரைச் சொன்னான். ஆசிரியர் அதனை வெண்பலகையின் மேல் ஓரத்தில் எழுதினார். கணிதப் பாடத்திற்குப் பலகையைத் துடைத்தபோதும் அந்த ஓரத்தை விட்டுவிட்டே துடைத்தார்.