எள்ளு அறுவடை: வெட்டும் கருவியும் பிடிக்கும் கருவியும்

எள்ளுக்காய் முற்றிக் காய்ந்ததும் தானாகவே வாய் திறக்கும். 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமான, பட்டை பட்டையான அந்தக் காய் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பிளக்கிறது. உள்ளே அறை அறையாக அடுக்கியிருக்கும் 50 முதல் 80 வரையான விதைகளின் பிடி அத்துடன் விட்டுப்போகிறது. செடி நிமிர்ந்து நின்றால் விதை காய்க்குள்ளேயே கிடக்கும். சாய்ந்தால், இடிபட்டால், பலமாகக் காற்றடித்தால் மண்ணில் கொட்டிவிடும். ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. அதாவது 4,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் இந்தப் பயிரைச் செய்துவருகிறார்கள். நெல்லும் கோதுமையும் மனிதர் கைபட்டு உதிரும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. எள்ளு இன்னும் இழக்கவில்லை. எள்ளுக்கான அறுவடைக் கருவி எதுவானாலும் இந்த ஒரு குணத்தை முன்வைத்துத்தான் அதை அமைக்க முடியும்.

இன்னொரு சிக்கல், காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. செடி அடியிலிருந்து மேல்நோக்கிப் பூத்துக்கொண்டே போகிறது. அடிக்காய் பழுப்பேறி வெடிக்கத் தயாராகும்போது நுனிக்காயில் விதை பால் பிடித்துக்கொண்டிருக்கும். நுனிக்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் போய்விடும். அடிக்காய்க்காக முந்தி வெட்டினால் நுனியில் சாவிதான் மிஞ்சும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஓர் எளிய சோதனை சொல்கிறது. கறுப்பு எள்ளாக இருந்தால், அடியிலிருந்து பத்தாவது காயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விதை கறுத்திருந்தால் வெட்டலாம். அந்த நாளைத் தவறவிடாமல் வெட்டி முடிப்பதற்கு ஆளோ கருவியோ வேண்டும்.

இக்கட்டுரைக்காகப் பார்த்த களம் இருக்கும் புளியங்கூடல், ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட தீவில், ஊர்காவற்றுறைப் பக்கமாக, நாரந்தனை, சரவணை, சுருவில் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் இருக்கிறது. பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே போய்ச் சேரலாம். தீவகம் எனப்படும் இத்தீவுகள் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த ஆழமற்ற மண். கிணற்று நீரில் உவர் கலந்திருப்பதால் கோடையில் இறைத்துப் பயிர் செய்வது எல்லா இடத்திலும் இயலாது. மாரி மழையை நம்பி ஒரு போகம் நெல். அதை அரிந்த பிறகு மண்ணில் மிஞ்சும் ஈரத்தைக்கொண்டு ஒரு பயிர் எடுக்க வேண்டுமானால் எள்ளு, பயறு போன்றவைதான் தோது. மாசி, பங்குனியில் விதைத்த எள்ளு ஏறத்தாழ 85 முதல் 90 நாளில் முற்றுகிறது. அது வைகாசி, ஆனியில் வந்து முட்டும். சோளகக் காற்று பலத்து வீசத் தொடங்கும் காலம் அது. கடலிலிருந்து மறைப்பில்லாமல் வரும் இந்தக் காற்றுக்கு முன்னால் வெடித்த எள்ளுச் செடி நிற்பது ஆபத்து. ஆனால் எள்ளைத் தூற்றுவதற்குக் கூலி இல்லாமல் கிடைப்பதும் இதே காற்றுத்தான்.

கையால் செய்யும் அறுவடை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மந்தமாகத் தெரியும். அருகில் நின்று பார்த்தால், ஒவ்வோர் அசைவும் கொட்டாமல் காப்பதற்கென்றே அமைந்திருப்பது விளங்கும். வேலை விடியற்காலையில், பனி காயுமுன் நடக்கிறது. ஈரம் பட்ட காய் வாயை இறுக்கிக்கொள்ளும், வெயில் ஏறியதும் விரியும். இடக்கை செடியின் நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ள, வலக்கை அரிவாளால் அடியை அறுக்கிறது. ஓங்கி வெட்டுவது கிடையாது, இழுத்து அறுப்பதுதான். நாலைந்து செடி சேர்ந்ததும் நுனி மேலே இருக்கும்படியே பிடித்து வரப்புக்குக் கொண்டுபோகிறார்கள். நெற்கதிரைப்போலத் தரையில் படுக்கப் போடுவதில்லை.

பிறகு கட்டுகளைப் போராக வைத்து மூடுவதும் உண்டு. நுனி உட்பக்கமாகவும் அடித்தண்டு வெளிப்பக்கமாகவும் வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு 3 நாள் புழுங்கவிடுவது தமிழ்நாட்டுப் பரிந்துரை. உள்ளே வெப்பமும் ஈரப்பதனும் கூடுவதால் இலை கழன்றுவிடும், பச்சைக்காயும் ஓரளவு முற்றிவிடும். அதன்பின் வெயிலில் காயவைத்து உதறினால் முதல் நாளிலேயே ஏறத்தாழ முக்கால் பங்கு விதை விழும். மிச்சம் அடுத்த இரண்டு நாளில் விழும்.

உதறும் இடத்தில் படங்கு விரித்திருக்கும். இக்கட்டுரைக்காகப் பார்த்த களத்தில் அந்த வேலையைத் தாயும் மகளும் செய்தார்கள். மகள் கட்டை எடுத்துக் கொடுக்க, தாய் அதைப் படங்கின் நடுவுக்கு வந்த பிறகே தலைகீழாக்கினார். “சரிக்காதை பிள்ளை, நிமித்திப் பிடி” என்று இடையிடையே சொல்லிக்கொண்டார். தலைகீழான கட்டைச் சிறு தடியால் நடுத்தண்டில் மூன்று நான்கு தட்டு. காயில் அடி விழவேயில்லை. விதைகள் ஓலைக்கூரையில் தூறல் விழும் ஓசையோடு படங்கில் இறங்கின. வெறுமையான கட்டு எறியப்படவில்லை. மறுபடி நிமிர்த்தி வேலியோரம் சாத்தப்பட்டது, நுனிக்காய்க்காக இன்னும் ஒரு தடவை தட்ட வேண்டுமாம்.

இந்தக் கவனத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எள்ளு விதை 1,000 எடுத்தால் ஏறத்தாழ 3 கிராம். ஒரு சதுர மீற்றரில் 20 செடி நிற்பதாகவும், செடிக்கு இரண்டே காய் கொட்டுவதாகவும், காய்க்கு 60 விதை இருப்பதாகவும் வைத்துக்கொண்டால் 2,400 விதை மண்ணில் போகிறது. அது ஏறத்தாழ 7 கிராம். ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். பரப்புக்கு 1¾ கிலோ, 16 பரப்புள்ள ஒரு ஏக்கருக்கு 28 கிலோ. செடிக்கு இரண்டு காய் என்பது அசட்டையாகக் கட்டை ஒருமுறை தூக்கிப் போட்டாலே நேரும் இழப்பு. கொட்டிய நெல்லைக் கூட்டி அள்ளலாம், எள்ளை அள்ள முடியாது. 3 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் அகலமும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பும் உள்ள விதை அது. தீவகத்து மண்ணில் கிடக்கும் பருமணலும் கிட்டத்தட்ட அதே அளவு. அரிதட்டால் இரண்டையும் பிரிப்பது கடினம், காற்றில் தூற்றினாலும் முழுதாகப் பிரியாது. மணல் கலந்த எள்ளுக்குச் சந்தையில் விலை இறங்கும், செக்குக்கும் கேடு.

இவ்வளவு மென்மையான பயிருக்கு நெல் வெட்டும் மெசின் ஏன் சரிவருவதில்லை என்பதை அதன் உறுப்புகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். முன்னால் சுழலும் உருளை பயிரை அடித்து உள்ளே வளைக்கிறது. வெடித்த எள்ளுக்கு அந்த அடியே போதும். வெட்டுப்பட்டை இடமும் வலமும் அதிர்வதால் தண்டு முழுவதும் குலுங்கி, வெட்டுமுன்பே விதை உதிரும். கதிரடிக்கும் உருளை நெல்லுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றினால் எள்ளின் மெல்லிய தோல் கிழிந்துவிடும். ஏறத்தாழ பாதி எண்ணெயே ஆன விதை அது. தோல் கிழிந்தால் எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போகும். இந்தச் சேதம் அன்றே கண்ணுக்குத் தெரியாது, சில வாரம் கழித்து நல்லெண்ணெயின் மணத்தில் தெரியும். அடுத்து விசிறி. நெற்பதரைப் பறக்கவிடும் காற்று எள்ளையும் சேர்த்துப் பறக்கவிடும். கடைசியாக, மெசினின் தகடுகள் சேருமிடங்களில் நெல் நுழையாத எத்தனையோ இடுக்குகள் உண்டு. எள்ளு அவற்றின் வழியாக ஒழுகியபடியே வரும். பெரிய வயல்களில் மெசினால் எள்ளு வெட்டுபவர்கள் அடிக்கும் உருளையின் வேகத்தைத் தானியத்துக்கு வைப்பதில் பாதியளவுக்குக் குறைக்கிறார்கள், விசிறியைத் தணிக்கிறார்கள், இடுக்குகளை ஒட்டுநாடாவாலும் பசையாலும் அடைக்கிறார்கள். அத்தனை செய்தும், காய் வெடிக்கிற செடியில் அந்த மெசின் பயன் தராது.

ஆகவே மேற்கே ஆய்வாளர்கள் மெசினை விட்டுவிட்டுச் செடியை மாற்றப் புறப்பட்டார்கள். 1943-இல் வெனிசுவேலாவில் டெரல்ட் லாங்கம் என்ற ஆய்வாளர் காய் வெடிக்காத ஒரு எள்ளுச் செடியைக் கண்டெடுத்தார். முதலில் இது பெரிய விடிவாகத் தோன்றியது. ஆனால் அந்தக் காய் அடியோடு மூடிக்கொண்டது. விதையை எடுக்க ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது, அடித்தால் விதை நசுங்கியது. இலை கிண்ணம்போல் வளைவதும் விளைச்சல் குறைவதும் கூடவே வந்த குறைகள். 1978-இல் தொடங்கிய செசாக்கோ நிறுவனத்தில் அவருடைய மகன் ரே லாங்கம் வேறு வழியில் போனார். காய் நுனியில் கொஞ்சம் திறக்கட்டும், ஆனால் விதையை உள்ளிருக்கும் சவ்வும் காம்பும் பிடித்துவைத்திருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நுனி திறந்தால் காய் சீக்கிரம் காயும், மெல்ல அடித்தாலே விதை விழும். அமெரிக்காவின் டெக்சஸ் பக்கத்தில் எள்ளு நின்ற நிலையிலேயே காய்ந்து மெசினால் வெட்டப்படுவது இப்படி உருவான இனங்களால்தான். கருவி வடிவமைப்பும் பயிரினப் பெருக்கமும் ஒரே வேலையின் இரு கைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இலங்கையில் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எம்.ஐ. 3, உமா, மாலி ஆகிய இனங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களின் இனங்கள் பரவியுள்ளன. இங்குள்ள விவசாயி கையில் இருப்பது இன்னும் வெடிக்கும் காய்தான். காணியும் சிறிது, பரப்புக் கணக்கில், வரப்பு வைத்துப் பிரித்தது. டெக்சஸ் வழி இங்கே உதவாது.

உதவக்கூடியது நடுவழி: வெட்டுவதை ஒரு கருவியும் உதறுவதை இன்னொரு கருவியும் செய்ய வேண்டும், காயவைப்பது வெயிலின் வேலையாகவே இருக்கட்டும். சூடான், துருக்கி போன்ற நாடுகளில் எள்ளுச் செடியை வெட்டிக் கட்டாகக் கட்டிப்போடும் இயந்திரங்கள் பயன்பட்டிருக்கின்றன. கட்டை நிமிர்த்தி அடுக்குவதும் பிறகு உதறுவதும் ஆட்களின் வேலை. இருசக்கர உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரின் முன்னால் பொருத்தத்தக்க சிறிய வெட்டுப்பட்டை இதற்குப் போதும். ஆனால் மூன்று மாற்றம் கட்டாயம். முதலாவது, அடிக்கும் உருளைக்குப் பதிலாகச் செடியை இரு பக்கமும் மெதுவாக அணைத்து நிமிர்ந்தபடி கடத்தும் றப்பர்ப் பட்டி. இரண்டாவது, வெட்டுப்பட்டைக்கு அடியில் ஒரு சாணுக்கும் குறையாத அகலத்தில் துணி விரித்த தட்டம். அதிர்ந்து விழும் விதை மண்ணுக்குப் போகாமல் அதில் சேரும். மூன்றாவது, கல் தட்டும் இடத்தில் தானாக மேலெழும் சறுக்குக்கால். சுண்ணாம்புக் கல் தலைநீட்டும் வயலில் இது இல்லாவிட்டால் பட்டையின் பல் தப்பாது.

உதறும் கருவி இன்னும் எளிது, அவசரமாகத் தேவைப்படுவதும் அதுதான். இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி. மேல்வாயில் றப்பர் சுற்றிய சட்டங்கள். கட்டைத் தலைகீழாக்கிச் சட்டத்தில் தட்டினால் விதை உள்ளே விழும், சுற்றிலும் துணித்திரை இருப்பதால் வெளியே சிதறாது. உள்ளே சரிவாக இரண்டு அரிதட்டு. மேல்தட்டின் துளை 4 மில்லிமீற்றர் என்றால் காய்த்துண்டும் இலையும் நிற்க, எள்ளு இறங்கும். கீழ்த்தட்டின் துளை ஒரு மில்லிமீற்றர் என்றால் தூசும் நுண்மணலும் போக, எள்ளு நிற்கும். காலால் மிதித்து ஆட்டலாம். பக்கவாட்டில் கையால் சுற்றும் ஒரு விசிறி, அதன் வாயைக் கூட்டிக் குறைக்க ஒரு கதவு. இவ்வளவையும் ஊர்ப் பட்டறையில் செய்யலாம். இதன் பெரிய நன்மை, எள்ளு தரையைத் தொடவே தொடாது என்பது. மணல் பிரச்சினை வராமலே போகிறது.

சுளகு செய்வதை இந்த விசிறி முழுவதும் செய்துவிடாது. சுளகில் புடைக்கும் பெண் பாரத்தையும் வடிவத்தையும் ஒரே நேரத்தில் கை உணர்வால் பிரிக்கிறார். சாவி முன்னுக்குப் போகும், கனத்த விதை பின்னுக்கு வரும், கல் ஒரு மூலையில் ஒதுங்கும். ஆனால் மூட்டை மூட்டையாகக் குந்தியிருந்து புடைப்பது முதுகை முறிக்கும் வேலை. முக்கால் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டு கடைசிச் சுத்தத்தைச் சுளகுக்கு விட்டால் போதும். பிறகு ஈரம் ஏறத்தாழ 6 வீதத்துக்கு வரும்வரை காயவைத்துக் கட்டினால் எள்ளு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும்.

இந்தக் கருவிகளுக்கு இப்போது ஏன் இவ்வளவு தேவை என்றால் ஆட்கள் இல்லை. 1990-இல் தீவக மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் நிலைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலும் வயதானவர்களே வயலில் நிற்கிறார்கள். பத்தாவது காய் கறுத்த நாளில் வெட்டுவதற்கு அயலில் கைமாற்று ஆள் கிடைக்காவிட்டால், அந்தக் காணியில் அடுத்த வருடம் எள்ளு விதைக்கமாட்டார்கள். நல்ல விளைச்சல் வந்தும் பயிர் கைவிடப்படுவது இப்படித்தான்.

மகாஇலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உதறும் பெட்டி ஒரு மாணவர் குழு ஒரு வருடத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அதை ஆய்வுகூடத்தில் சோதித்து முடித்துவிடாமல், வைகாசியில் சோளகம் வீசும்போது தீவகத்துக்குக் கொண்டுவந்து, கட்டைத் தலைகீழாக்கத் தெரிந்த பெண்களின் கையில் கொடுத்துத் திருத்த வேண்டும். இரு பீடங்களும் இதை அடுத்த போகத்துக்கு முன் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.