இட்லிக் குண்டானில் வெந்த பலகை

"நீங்களும் போட்டு பாக்கத்தான் வந்தீங்களா?" கதவைத் திறந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். "செருப்பைக் கழட்டாதீங்க. கண்ணாடி நார் கால்ல ஏறிடும். வீடு முழுக்க அதான்."

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு சந்தில் அந்த வீடு. கார் நிறுத்த விட்டிருந்த இடத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை. கார் தெருவில் வெயிலில் காய்ந்தது. கொட்டகைக்குள் 21 அடி நீளத்தில் ஒல்லியான படகுடல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அதன் இரட்டை, பாதி தைத்த நிலையில். தைத்த என்றுதான் சொல்ல வேண்டும். அடிவிளிம்பு நெடுகச் செம்புக் கம்பித் தையல் தெரிந்தது.

வீட்டுக்காரர் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். "கடல்ல இருந்தேன்னு பேரு. கடலைப் பாத்தது கம்மி" என்றார். கடலைப் பார்ப்பதற்காகவே பாய்மரப் படகு கட்டுகிறாராம். குளத்தில் விடும் படகு இல்லை, வங்கக் கடலைத் தாண்டக்கூடியது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர். அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கடல் வரைபடத்தில் பென்சில் கோடு இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்திருப்பார்.

படகின் வரைபடம் ஆங்கிலேயரான ஜேம்ஸ் வாரம் போட்டது. கடல்படகு என்றால் பணக்காரன் சமாசாரம் என்றிருந்த காலத்தில், தானே கட்டிய இருபத்துமூன்றரை அடி இரட்டைப் படகில் இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு 1955-56-இல் அட்லாண்டிக்கைக் கடந்தவர். டிரினிடாடில் கரையேறி, அங்கேயே 40 அடியில் இன்னொன்று கட்டி, 1959-இல் வட அட்லாண்டிக் வழியாக ஊர் திரும்பினார். 2021-இல் இறக்கும்வரை அவருக்குப் பிழைப்பு, தாமே கட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு வரைபடம் விற்பது. இந்த வீட்டில் இருப்பது அவருடைய டிக்கி 21. ரோரி மெக்டூகல் என்பவர் இதே அளவுப் படகு ஒன்றில் 1991-இல் புறப்பட்டு 1997-இல் உலகைச் சுற்றி முடித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'குக்கிங் ஃபேட்', சமையல் கொழுப்பு. அம்மாவுக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

இந்த மாதிரிப் படகுக்கு உடம்பு முழுக்க ஒட்டுப்பலகை. 6 மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். வீட்டு அலமாரிக்கே 18 மில்லிமீட்டர் கேட்கிற நமக்கு அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் வயிறு கலங்கும். ஆகவே பலகை வாங்குவதில்தான் முதல் சோதனை. மரைன் பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. அந்த முத்திரை குத்தாத கடை கிடையாது. முத்திரைக்குப் பின்னால் பசை இருக்கிறதா என்பது வேறு விஷயம். இவர் நான்கு கடைகளில் கையகலத் துண்டுகள் வாங்கிவந்து இட்லிக் குண்டானில் போட்டு வேகவைத்தார். தர விதிப்படி 72 மணி நேரம் கொதிக்க வேண்டும். சிலிண்டர் கணக்கை அம்மா எடுத்துச் சொன்ன பிறகு எட்டு எட்டு மணியாக, மூன்று நாள். ஒன்று முதல் நாள் சாயங்காலமே மசால் தோசை மாதிரி இதழ் இதழாகப் பிரிந்துவிட்டது. விலை அதிகமானதும் அதுதான். இன்னொன்று விளிம்பில் உப்பியது. மிச்சம் இரண்டு பிழைத்தன. அவற்றையும் குறுக்கே அறுத்து, உள்ளடுக்குகளில் சந்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "அந்தக் குண்டான்ல அப்புறம் நான் இட்லி ஊத்தல. புதுசு வாங்கிக் குடுத்தாரு. அதையும் போட்டு கணக்குல எழுதிட்டாரு" என்றார் அம்மா.

தையலுக்கு வருகிறேன். பலகை எட்டடிதான் வரும், படகுக்கு 21 அடி வேண்டும். இரண்டு பலகைகளின் முனையையும் இழைப்புளியால் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டுகிறார்கள். கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளம் சரிவு, அதாவது 6 மில்லிமீட்டருக்கு 48. இழைக்கும்போது அடுக்குகள் பட்டை பட்டையாக, புடவைக் கரை மாதிரி வெளியே தெரியும். பட்டைகள் நேராக ஓடினால் சரிவு சரி, வளைந்தால் அங்கே கூடுதலாகத் தின்றுவிட்டது. அளவுகோலே வேண்டாம். ஒட்டிய நீளப் பலகைகளை வரைபடப்படி வெட்டி, இரண்டையும் புத்தகம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கீழ் விளிம்பில் ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்துவிட்டு விரித்தால், தட்டையாகக் கிடந்தது படகாக எழுந்து நிற்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தபோது நான் இருந்தேன். பலகை முனகியது. ஓரிடத்தில் கம்பி படக்கென்று அறுந்தது. ஆனாலும் அடியில் கூராக, மேலே அகன்று, ஒரு அணியம் அங்கே உருவாகியிருந்தது. அச்சு இல்லை, வங்கு இல்லை, ஏரா என்று தனி மரமும் இல்லை.

தைத்த படகு இந்தக் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் இல்லாத பழைய சென்னையில், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை உடைப்பின் வழியாகக் கரை சேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைத்தவை. ஆணி அடித்துக் கட்டிய படகு தரைதட்டினால் விரிசல் விடும். கயிற்றால் தைத்தது வளைந்துகொடுக்கும். இங்கே தையல் வெறும் தற்காலிகம். உள்மூலையில் பிசினை வழித்து இறுகவிட்ட பிறகு கம்பியை நறுக்கி எறிந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிசின்தான் என் மானத்தை வாங்கியது. எப்பாக்சியையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலந்து, மரத்தூளும் சிலிக்காத்தூளும் சேர்த்துக் கெட்டித் துவையல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை மூலையில் அப்பி, பழைய ஏ.டி.எம். அட்டையின் வளைத்து நறுக்கிய முனையால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். எனக்கும் ஆசை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொன்னார். எத்தனை தடவை எழுந்து போவது என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் டம்ளர் நிறையக் கலந்தேன். சித்திரை மாதம், பத்து மணி வெயில். பாதிகூட அப்பியிருக்க மாட்டேன், டம்ளர் கையில் சுட்டது. பிறகு புகைந்தது. மஞ்சளாகக் கொதித்து, டம்ளர் உருகிச் சாய்ந்து, உள்ளே கரண்டியோடு கல்லாகிவிட்டது. இந்தக் கலவை இறுகும்போது சூடு விடும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும், இன்னும் சூடாகும். அதனால் கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். அவர் திட்டவில்லை. கொட்டகை மூலையைக் காட்டினார். கல்லான டம்ளர்கள் ஏழெட்டு அங்கே வரிசையாக இருந்தன. என்னுடையதையும் கொண்டுபோய் வைத்தார்.

அதனால்தான் அவர்கள் வீட்டில் நாள் நான்கு மணிக்கு விடிகிறது. எட்டு மணிக்குள் பிசின் வேலை முடிந்துவிட வேண்டும். ஈரக்காற்று அடித்த இரவுக்கு மறுநாள், பூச்சின்மேல் மெழுகு தடவியது போல் ஒரு பிசுபிசுப்பு படிந்திருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் பிடிக்காது, நடுக்கடலில் தோல் உரியும். அந்தக் கழுவும் வேலை அம்மாவுடையது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். "இவரு கழுவினா பாத்திரத்துலயே எண்ணெய் போகாது."

பக்கத்துக் குப்பத்துப் பெரியவரை நான் இரண்டாம் முறை போனபோதுதான் பார்த்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கட்டுமரம் கட்டிய கை. அவர்கள் வாயில் கட்டுமரம் என்ற சொல் வராது, மரம்தான். மரத்தில் போனோம், மரத்தை அவிழ்த்தோம். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் போட்டுகள் கரையை நிறைத்தன. பெரியவரின் மரமும் அந்தச் சமயத்தில் அடுப்புக்குப் போனது.

படகைச் சுற்றிவந்தவர் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "சாரு, மரத்துல தண்ணி வரும், வந்த வழியே போவும். இதுல வந்துட்டா எங்க போவும்?" சார் முன்னாலும் பின்னாலும் அடைத்திருந்த காற்றுப்புகா அறைகளைக் காட்டினார். நடுவில் நீர் நிறைந்தாலும் அவை மிதக்க வைக்கும் என்றார். "கவுந்தா?" என்றார் பெரியவர். சார் உடனே பதில் சொல்லவில்லை. நியாயமான கேள்வி. அடியில் ஈயக்கட்டி தொங்கும் ஒற்றைப் படகு கவிழ்ந்தால் கட்டியின் கனம் அதைத் திருப்பிவிடும், ஆனால் உள்ளே நீர் புகுந்தால் அதே கனம் அடிக்குக் கொண்டுபோகும். இரட்டைப் படகு முழுகாது. கவிழ்ந்தால் தானாகத் திரும்பவும் திரும்பாது. எதை நம்புவது என்று கடலோடிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஈயம் வேண்டும். 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாள் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய 'சுஹைலி' அப்படிக் கனம் தொங்கும் 32 அடித் தேக்குப் படகு, நம் பம்பாயில் கட்டியது. இதைச் சொன்னேன். "தேக்கு என்ன விலை தெரியுமா?" என்றார் சார்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உலகமே கேட்டமரான் என்கிறது, அது நம் சொல், ஆகவே இந்தப் படகும் நம்முடையது என்று நினைத்துக்கொண்டுதான் நான் முதல்முறை போனேன். சொல் நம்முடையதுதான். சோழமண்டலக் கரையில் கண்டதை வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சான தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கண்டது கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு உடலைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கை. வாரம் கற்றுக்கொண்டதும் அவர்களிடம்தான். பெயர் வழிதவறிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது பெரியவர் முடித்துவைத்தார்: "இது மரமே இல்ல தம்பி. ரெண்டு தோணி."

கயிறு மட்டும் பொது. இரண்டு உடலையும் குறுக்குச் சட்டங்களோடு சேர்ப்பதற்கு வாரம் போல்ட் வைக்கவில்லை. பாலியெஸ்டர் கயிற்றால் பல சுற்றுச் சுற்றி, சுற்றுகளுக்குக் குறுக்கே இன்னும் சில சுற்றுப் போட்டு நெருக்கி இறுக்கச் சொல்கிறார். இரண்டு உடலும் வேறு வேறு அலையில் ஏறி இறங்கும்போது போல்ட் போட்டிருந்தால் மொத்த முறுக்கும் அந்த ஓட்டையில்தான் விழும். கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்து எல்லாச் சுற்றுக்கும் பங்கு போட்டுவிடும். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அவிழ்த்துவிட்டால் 12 அடி அகலப் படகு இரண்டு ஒல்லிப் படகாகிச் சந்து வழியே, மின்கம்பிக்குக் கீழே, வெளியே போகும். படகைக் கட்டிவிட்டு மதில் இடித்தவர்கள் கதை உலகெங்கும் உண்டு. இவர் மதில் பிழைத்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, கட்டிப் பார்க்கும் நாள். கொட்டகையைப் பிரித்துவிட்டு இரண்டு உடலையும் வாசலில் பழைய டயர்கள்மேல் நிறுத்தியிருந்தார்கள். சார் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்று எண்ணினார். பெரியவர் எண்ணவில்லை. காலைச் சட்டத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் மீட்டிப் பார்த்தார். "வழுக்குது" என்று முகம் சுளித்தார். முடித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்து அம்மா பானைத் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியவர் அதைக் கட்டின்மேல் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். நார்க்கயிறு நனைந்தால் இறுகும். அதற்காகக் காத்திருந்தார்.

"இது இறுகாது. ஓட ஓடக் கொஞ்சம் தளரும். மறுபடி இழுத்துக் கட்டணும்னு எழுதியிருக்கு" என்றார் சார்.

"யாரு இழுக்கறது, நடுக்கடல்ல?"

சாருக்கு வலது தோளில் பழைய அறுவை சிகிச்சை. கை முழுதாக உயராது. காலையிலிருந்து அவர் வரைபடத்தை ஏன் கையைவிட்டு இறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவர் எழுந்து, கட்டிய அத்தனையையும் அவிழ்த்தார். கயிற்றின் முனையை எடுத்து நீட்டினார், அம்மாவிடம்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. பெரியவர் வந்து கட்டைவிரலால் மீட்டினார். சார் என்னைப் பார்த்தார், நான் டயரைப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு சுத்து" என்றார் பெரியவர். அம்மா மறுபடி காலை ஊன்றினார்.