ஈ-1 விசாவும் மாமாவின்ர மிளகாய்த்தூளும்

கனேடியன் பாஸ்போர்ட் இருக்கு, பிறகென்ன விசா எண்டு மாமா கேக்கிறார். அமெரிக்காவைச் சுத்திப்பார்க்க விசா வேண்டாம்தான். வியாபாரிகளுக்கான ஈ-1 எண்டால் கனடாக்காரரும் எடுக்கத்தான் வேணும். (இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையவே கிடையாது.)

உண்மையான சிக்கல் கணக்கிலதான். கொம்பனியின்ர வெளிநாட்டு வியாபாரத்தில பாதிக்கு மேல கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில நடக்கவேணும். மாமா நியூ ஜெர்சிக் கடைகளுக்கு அனுப்புற மிளகாய்த்தூள் கொழும்பில இருந்தெல்லோ வருது! உதாரணத்துக்கு, கொழும்பில 6 லட்சம் டொலருக்கு வாங்கி, அமெரிக்காவுக்கு 5 லட்சத்துக்கு வித்து, மிச்சத்தை ஸ்காபரோவில வித்தால், 11இல 5தான். பாதி தேறாது.

அமெரிக்காவில தனிக் கொம்பனி பதிஞ்சால் அதின்ர வியாபாரத்தை மட்டும் பார்ப்பினம். கிளை எண்டால் ஒட்டுமொத்தத்தையும் பார்ப்பினம். அப்ப தனிக் கொம்பனிதான் நல்லம். ஆனா விண்ணப்பிக்க முதலே அதின்ர பேரில சரக்கு தொடர்ந்து போய் வந்திருக்கவேணும். ஒரே ஒரு பெரிய பில்லைக் காட்டி ஏமாத்தேலாது.

அடுத்தது பங்கு. குறைஞ்சது பாதி கனேடியக் குடியுரிமை உள்ளவையிட்ட இருக்கவேணும். சித்தப்பா கனடாவில பி.ஆர்., பாஸ்போர்ட் இன்னும் இலங்கைதான். அவரிட்ட 60 வீதம், மாமாவிட்ட 40. இதைச் சித்தப்பாவிட்ட ஆர் சொல்லுறது எண்டுதான் இப்ப வீட்டில சண்டை.