கப்பலுக்கு முந்திய கரை

பத்து வயதுப் பிள்ளைக்குக் காலம் இரண்டே வகை: ஒன்று இன்று, மற்றது அந்தக்காலம். இராமபிரான் அணை கட்டியதும், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை மன்னாருக்கு வந்ததும், தன் அம்மம்மா தலைமன்னாரிலே கப்பலேறி இராமேஸ்வரம் போய்வந்ததும் யாவும் முன்பின் என்ற நியமமின்றி அந்த ஒரே அந்தக்காலத்தில் ஒருங்கே நிகழ்ந்தனவாகவே அதற்குத் தோன்றும். மன்னார்த் தீவிலும் எதிரே கிடக்கும் பெருநிலக் கரையிலும் ஐந்தாந் தர, ஆறாந் தரப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்விக்கப் புகுமுன் இந்த மயக்கத்தைத் தெளிவிப்பதே உபாத்தியாயரின் முதற் கடமை என்பது என் துணிபு.

நம் நாட்டுப் பாடசாலைகளில் சரித்திரம் தனிப்பாடமாகத் தொடங்குவது ஆறாந் தரத்திலேதான். அதற்கு முன்னர்ச் சுற்றாடற் பாடத்தினுள் அது ஆங்காங்கே தலைகாட்டும். ஐந்தாந் தரத்திலோ புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் பாரம் பிள்ளையின் தோளிலும் பெற்றோரின் நெஞ்சிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். கோட்டையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறேன் என்றால், "இது சோதினைக்கு வருமோ, சேர்?" என்று கேட்கும் தந்தையர் உண்டு. அவர்களை நான் குறை கூறேன். இடம்பெயர்ந்து, இழந்து, மீண்டு வந்த குடும்பங்களுக்குப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறே கையிலுள்ள ஒரே முதல். ஆயினும் தன் ஊரின் காலத்தை அளக்கத் தெரியாத பிள்ளைக்குப் பிற தேசங்களின் காலம் வெறும் இலக்கமாகவே நின்றுவிடும் என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லியே வந்திருக்கிறேன்.

காலத்தை அளப்பதற்கு நான் கைக்கொண்ட உபாயம் மிக எளியது. மீன்பிடிக் கயிறு ஒன்றைப் பாடசாலை முற்றத்தில் நீட்டி, ஒரு மீற்றருக்கு நூறு ஆண்டு என்று வகுத்துக்கொண்டு, ஒரு நுனியில் இன்றைய நாளை வைத்து, அதிலிருந்து பின்னோக்கி முடிச்சிடச் செய்வேன். தலைமன்னாருக்கு ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய 1914 ஒரு மீற்றரைச் சற்றே கடந்து விழும். தனுஷ்கோடியை அழித்த 1964 மார்கழிப் புயல் அதற்கும் இப்பால், கைக்கெட்டும் தூரத்தில் விழும். ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய 1658, போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய 1560 ஆகிய இரண்டும் ஐந்து மீற்றருக்குள் அடங்கிவிடும். ஆனால் திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தர் பாடிய ஏழாம் நூற்றாண்டுக்கு முடிச்சிட வேண்டுமாயின், கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பதின்மூன்று மீற்றரையுந் தாண்டி நடந்து முற்றத்தின் மறுகோடிக்கே போகவேண்டும். பழமைக்கெல்லாம் எல்லை என்று தாம் எண்ணியிருந்த கோட்டை கயிற்றின் முற்பாதிக்குள்ளேயே நின்றுவிட்டதைக் காணும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ எல்லா ஆண்டும் ஒன்றே: "அப்ப அதுக்கு முதல் இங்க ஆர் இருந்தவை, சேர்?"

என் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியின் மீதே எழுகிறது. மாந்தையென்றும் மாதோட்டமென்றும் வழங்கும், திருக்கேதீச்சரம் நிற்கும் அந்தப் பழந்துறையில் 1980 முதல் 1984 வரை நடைபெற்றுப் போரினால் நின்ற அகழ்வாய்வு, போர் ஓய்ந்தபின் 2009இலும் 2010இலும் மீண்டும் நடந்தது. சீனத்து மட்கலங்களும் மேற்காசியாவின் மெருகிட்ட பாண்டங்களும் அந்த மண்ணிலிருந்து வெளிப்பட்டன. கருகிப்போன சில மிளகுமணிகளும் ஒரு கராம்பும்கூடக் கிடைத்தன. மிளகு ஏழாம் நூற்றாண்டளவினது. கராம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. கராம்பு அக்காலத்தில் விளைந்த இடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் மாத்திரமே. வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு கராம்பைக் கொண்டுவரச் செய்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இத்தனை சிறிய பொருள் அத்தனை தொலைவிலிருந்து எந்தக் காற்றைப் பிடித்து எவர் கைமாறி மாந்தைக்கு வந்திருக்கும் என்று தேசப்படத்திலே விரலோட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு, நம் கரை போர்த்துக்கேயருடைய கப்பலுக்காகக் காத்துக்கிடந்த வெறுங்கரை அன்று என்பதை நான் தனியே உபதேசிக்க வேண்டியதில்லை. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரமும் ஆபிரிக்க மண்ணின் மரமே. அராபிய வணிகர் அதை 1477இல் நட்டனர் என்பது கர்ணபரம்பரை. அதன் அடியைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் பிள்ளைகளுக்கு இந்து சமுத்திரத்தின் மறுகரை அதன்பின் அந்நியமாயிராது.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே வயதுப் பிள்ளைகளுக்குத்தான் தம் தேசத்தின் ஆரம்ப சரித்திரத்தைக் கற்பிக்கிறார்கள். அங்கும் உபாத்தியாயர்க்கு நேரும் பெருஞ் சோதனை இதுவே. 1620இல் மேபிளவர் என்னும் கப்பலில் வந்தோர் பிளிமத்திலே குடியேறினர் என்று கதையைத் தொடங்கிவிட்டால், அவர்கள் குடியேறிய இடம் வாம்பனோக் மக்களின் பதூக்செட் என்ற ஊர் என்பதும், சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் கொள்ளைநோய் அவ்வூரை வெறுமையாக்கியிருந்தது என்பதும் கதைக்கு வெளியே போய்விடுகின்றன. இந்த ஒப்புமையைக் கண்டபின் அமெரிக்கச் சரித்திரத்தையும் என் வகுப்புக்குள் தயங்காது கொண்டுவந்தேன். மன்னாரை ஒல்லாந்தர் பிடித்த காலத்தில், இன்று நியூயோர்க் எனப்படும் நகரமும் நியூ அம்ஸ்டர்டாம் என்ற பெயரோடு ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது. 1664இல் அதை ஆங்கிலேயர் கொண்டனர். மன்னாரையோ 1795இற்றான் கொண்டனர். உலகப்படத்தின் இரு ஓரங்களிலும் ஒரே கொடி பறந்ததைக் காட்டும்போது, நம் தாம்போதி முடிவில் நிற்கும் அந்த நான்கு கொத்தளக் கோட்டை பிள்ளைகளின் கண்ணில் வேறொரு பொருளாகிவிடுகிறது.

எனினும் அமெரிக்கா நம் பிள்ளைகளுக்கு மிக அணுக்கமாக விளங்குவது இரு பொருள்களால். ஒன்று மிளகாய். சொதிக்குக் கீறிப்போடும் பச்சைமிளகாயும், தோட்டத்து மரவள்ளியும், வேலியோரப் பப்பாசியும், அன்னாசியும், புகையிலையும் கொலம்பசுக்குப் பிந்திய காலத்திலே கடல் கடந்து நம்மை வந்தடைந்தவை என்று கேட்டதும் வகுப்பிலே ஆரவாரம் எழும். சம்பந்தர் காலத்து மாதோட்டத்தார் கறிக்கு உறைப்புச் சேர்த்தது மிளகினால் என்பதும், மாந்தையிலே கிடைத்த அந்தக் கருகிய மணிகளும் அப்போது ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

மற்றது முத்து. இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மன்னார்க் கடலின் சரித்திரத்தில் இதற்கு இணையான விஷயம் வேறில்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதே ஆண்டிலே தம் மூன்றாம் யாத்திரையில் தென்னமெரிக்கக் கரையை அடைந்த கொலம்பஸ், அந்நாட்டு மக்கள் முத்தணிந்திருக்கக் கண்டார். வெனிசுவேலாவுக்கு அணித்தான கூபாகுவா என்ற சிறு தீவின் முத்துப்பார்களில் சுதேசிகளை அடிமைகளாக்கி மூழ்குவித்த ஸ்பானியர், சில பத்தாண்டுகளுக்குள் பாரையும் வெறுமையாக்கி, எண்ணற்ற மூழ்கிகளின் உயிரையும் போக்கினர். அக்கொடுமையை லாஸ் காசாஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியாரே எழுதிவைத்தார். நம் கரையில் முத்துக்குளிப்பு வேறு முறையில் நடந்தது. பிரித்தானியர் காலத்தில் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புச் சிலாபம் கூடும்போது வெறும் மணற்கரை சில வாரங்களுக்குப் பெருநகராகும். தமிழரும் முஸ்லிம்களும் அராபியரும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சிப்பி அள்ளி வருவர். குளிப்பவர்க்கு மூன்றிலொரு பங்கு, அரசாங்கத்துக்கு மூன்றில் இரு பங்கு, அரசாங்கப் பங்கு ஏலத்துக்கு. 1925க்குப் பின் அத்தகைய குளிப்பு நிகழவில்லை.

கணிதமும் நீதியும் சரித்திரமும் ஒருங்கே கற்பிக்க இதைவிட வாய்ப்பான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு ஒரு பங்கும், கரையிலிருந்த அரசாங்கத்துக்கு இரு பங்கும் நியாயமா என்று கேட்டால், சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் தொழிலாளரின் பிள்ளைகள் அந்த வகுப்பிலே வல்லுநராவர். மூச்சுப் பிடிப்பதும், காதடைப்பதும், நீரோட்டம் இழுப்பதும் அவர்கள் வீட்டுப் பேச்சு. பாடத்திலே பின்தங்கியவன் என்று கருதப்பட்ட பிள்ளை அன்று எழுந்து நின்று ஏனையோர்க்கு விளக்கஞ் சொல்லும்.

கடினமான சம்பவங்களைப் பிள்ளைகளுக்கு மறைக்கலாகாது என்பதில் எனக்குச் சந்தேகம் என்றும் இருந்ததில்லை. 1544இல் சங்கிலி மன்னன் ஆணைப்படி மன்னார்த் தீவிலே கிறிஸ்தவரான மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேர் கொல்லப்பட்டனர். திருக்கேதீச்சரக் கோயிலைப் போர்த்துக்கேயர் அழித்தனர். அதை மீண்டும் எழுப்பவேண்டும் என்று ஆறுமுகநாவலர் 1872இல் விண்ணப்பஞ் செய்யும்வரை அது காடாயிருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வருத்தியபோது, மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தைக் காட்டுக்குள் கொண்டு சென்றவர்களால் மடுத் திருத்தலம் உண்டாயிற்று. கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் அருகருகே அமர்ந்திருக்கும் வகுப்பில் இவற்றுள் ஒன்றை மாத்திரம் சொல்லி மற்றதை விடுவது அநீதி. ஆதலால் இவற்றை ஒரே வாரத்தில், ஒரே குரலில், ஒரே கயிற்றின் மீது சொல்வதை நியமமாகக் கொண்டேன். 1990 ஒக்ரோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியமை கயிற்றில் ஒரு முழத்துக்குள்ளேயே விழுகிறது. புத்தளத்தில் வளர்ந்து மீண்டு வந்தவர்களின் பிள்ளைகள் அந்த முடிச்சைத் தாமே இட முன்வருவார்கள். ஏனைய பிள்ளைகள் அமைதியாகக் கேட்பார்கள். பெரியோர் அஞ்சுகின்ற அளவுக்குப் பிள்ளைகள் அஞ்சுவதில்லை. தம் சிநேகிதனின் வீட்டில் நடந்ததை அறிய விரும்புவதே அவர்கள் இயல்பு.

ஐதீகத்தை நடத்தும் முறையிலும் ஒரு பக்குவம் வேண்டும். அரிப்பிலே கடலோரத்தில் இடிந்து நிற்கும் மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும் பொருட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவித்தார். டொரிக் மாளிகை என்பது அதன் மறுபெயர். அல்லிராணி பொய் என்று முகத்திலடித்தாற்போற் சொல்லும் உபாத்தியாயர், பிள்ளையின் பாட்டியை அவமதித்தவராவார். செங்கல்லையும் தூணையும் தொட்டுப் பார்க்கச் செய்து, இத்தகைய தூண்கள் வேறெங்கே உள்ளன, இதை யார் எழுதி வைத்தார், பாட்டி யாரிடம் கேட்டார் என்று வினவினால், கட்டடம் நோர்த்துடையது என்பதும், ஒரு பெண் இக்கரையை ஆண்டாள் என்னும் நினைவு மக்களுடையது என்பதும் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். அதே அரிப்புக்குத்தான் 1679இல், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ், அருவியாற்றின் வழியே காடு கடந்து ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தார். அவர் 1681இல் வெளியிட்ட நூல், கண்ணாற் கண்டவர் எழுதிய சாட்சியம் எத்தகையது என்று காட்ட உதவும் நல்ல உதாரணம்.

டொரிக் மாளிகையின் கடற்பக்கத்தை அலை அரித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பகுதி முன்னரே விழுந்துவிட்டது. மன்னார் மாவட்டத்து ஆசிரியர்களும் பெற்றோரும் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கி, எஞ்சிய சுவர்கள் நிற்கும்போதே பிள்ளைகளை அரிப்புக்கு அழைத்துச் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.