வெள்ளைக் கோடு

இருவருள் விரைந்தவர் யாவர் எனத் துணிவதற்குக் கடிகாரம் ஒன்றே போதும் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ஒருவன் திடலை முழுவதும் சுற்றி ஓடுகின்றான். மற்றொருவன் மூலைகளில் சிறிது குறுக்கே புகுந்து ஓடுகின்றான். பின்னவன் முந்தி வந்து சேர்ந்தால், கடிகாரம் பொய் கூறிற்று எனல் இயலாது. ஆயினும், அது கூறிய மெய் ஒப்பீட்டிற்கு உதவாத மெய்யாகும். இருவரும் சென்ற வழி ஒன்றாக இருந்தால்தான், இருவருடைய காலத்தையும் ஒருங்கு வைத்து எண்ணலாம். இவ்வுண்மை தெளிவாக விளங்கும் இடங்களுள் ஒன்று கார்ப் பந்தயக் களம்.

பார்முலா 1 எனப்படும் உலகப் பந்தயத்தில், ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறு வரை அளக்கின்றனர். 1997ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் ஹெரெஸ் களத்தில் நடைபெற்ற தகுதிப் போட்டியில், வில்நெவ், சூமாக்கர், பிரெண்ட்சன் என்னும் மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்ற ஒரே காலத்தைப் பெற்றனர். அக்காலத்தை முதலில் எய்தியவர் என்னும் காரணத்தால் வில்நெவ்வுக்கு முதலிடம் கிட்டிற்று. இத்துணை நுண்ணிய வேறுபாடு வெற்றி தோல்வியை உறுதி செய்யும் களத்தில், வழியின் எல்லையும் அத்துணை நுட்பமாகக் காக்கப்படுதல் வேண்டுமன்றோ?

அவ்வெல்லையைக் காட்டுவது பாதையின் இருமருங்கும் தீட்டப்பெற்ற வெள்ளைக் கோடு. கோடு பாதையைச் சேர்ந்தது; அதற்கு அப்பாலுள்ள வண்ண விளிம்பு பாதையைச் சேர்ந்ததன்று. காரின் எப்பகுதியும் பாதையைத் தொடாதவாறு வெளியே சென்றால், ஓட்டுநர் எல்லை கடந்தவராவர். ஒரு சக்கரம் கோட்டின்மேல் நின்றாலும் குற்றமில்லை.

வெளியே செல்பவர் நீண்ட வழி செல்பவரல்லரோ, அதனால் அவருக்கு வரும் ஊதியம் யாது எனச் சிலர் ஐயுறலாம். வளைவு குறுகலானால் வேகத்தைக் குறைத்தே திரும்புதல் வேண்டும். வளைவை அகலமாக்கிக் கொள்பவர் வேகத்தைக் காத்துக்கொள்கிறார். அவ்வேகம் அடுத்துவரும் நேர்வழி முழுவதும் அவருக்குத் துணை செய்கிறது.

முன்னாளில் பல களங்களில் பாதைக்கு அப்பால் புல்லும் சரளையும் இருந்தன. தவறியவர் அங்கே சிக்கிக் காலத்தை இழந்தார். தண்டனையை நிலமே அளித்தது. ஆனால், கட்டுத் தவறிய கார் சரளையில் புதைந்து உருளவும் கூடும். ஆதலின், உயிர்க்காப்பை முன்னிட்டுப் பல இடங்களில் சரளையை நீக்கித் தார்த்தளம் அமைத்தனர். நன்னோக்கத்தால் செய்த அம்மாற்றம் வேறொரு சிக்கலை ஈன்றது. இடர் நீங்கிற்று, இடரோடு அச்சமும் நீங்கிற்று, கோடு வெறும் கோடாயிற்று.

ஆஸ்திரியா நாட்டின் ஸ்பீல்பெர்க் களத்தில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. தகுதிப் போட்டியில் வெர்ஸ்டாப்பன் 1 நிமிடம் 4.391 விநாடியில் சுற்றி முதலிடம் பெற்றார். அடுத்து வந்த லெக்லெர் பின்தங்கியது 0.048 விநாடியே. வெர்ஸ்டாப்பனின் அணியைச் சேர்ந்த பெரெஸ், அதே வகைக் காரை ஓட்டியும், இரண்டாம் கட்டத்தில் மூன்று முறை கோடு கடந்தார். அம்மூன்று காலங்களும் நீக்கப்பெற, அவர் பதினைந்தாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். தாழ அமர்ந்து விரைந்து செலுத்துபவருக்குத் தம் சக்கரத்தின்கீழ் உள்ள கோடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆதலின், அவர்மீது இரக்கம் தோன்றுதல் இயல்பே. எனினும், இரங்கி அக்காலத்தை ஏற்றுக்கொண்டால், அதே வளைவில் வேகத்தை அடக்கிக் கோட்டிற்குள் நின்றவருக்கு நீதி யாது? ஒருவருக்குக் காட்டும் சலுகை, மற்றவரிடமிருந்து பறித்துக் கொடுத்த பொருளாகும்.

பின்னர் நடந்த பந்தயத்தில், எல்லை கடந்தனவாக ஐயுறப்பட்ட நிகழ்ச்சிகள் 1,200க்கு மேற்பட்டன. பந்தயம் முடிவதற்குள் அனைத்தையும் ஆராய நடுவர்களால் இயலவில்லை. ஓர் அணியினர் முறையிட, மீண்டும் ஆராய்ந்து எண்மருக்குத் தண்டனைக் காலம் கூட்டினர். நான்காமவராக வந்த சைன்ஸ் ஆறாமவரானார். பெரெஸோ, பதினைந்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாமவராக வந்து, இழந்த பெருமையை மீட்டுக்கொண்டார்.

விதி இருத்தல் மட்டும் போதாது. அஃது என்றும் ஒரு தன்மைத்தாய் இருத்தலும் வேண்டும். 2021ஆம் ஆண்டு பஹ்ரைன் பந்தயத்தின் தொடக்கத்தில், நான்காம் வளைவில் அகன்று செல்வதை நடுவர்கள் தடுக்கவில்லை. ஹாமில்டன் பலமுறை அவ்வாறு சென்றார். இடையில் அதனைத் தவிர்க்குமாறு எச்சரிக்கை வந்தது. முடிவை நெருங்கும்போது, அதே வளைவில் வெளியே சென்று ஹாமில்டனை முந்திய வெர்ஸ்டாப்பன், அவ்விடத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது, 0.745 விநாடியில் வெற்றியை இழந்தார். எல்லைக்கு வெளியே சென்று பிறரை முந்தலாகாது என்னும் விதி முன்னரே இருந்தமையால், அம்முடிவு தவறன்று. ஆயினும், ஒரே கோடு ஒருவேளை எல்லையாகவும் மற்றொருவேளை எல்லையல்லாததாகவும் நின்றால், விதியின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கை தளரும்.

2024ஆம் ஆண்டு ஸ்பீல்பெர்க் களத்தின் இறுதி இரு வளைவுகளில், கோட்டிற்குச் சற்று அப்பால் சரளைப் பட்டை ஒன்று அமைத்தனர். கடந்தவர் காலத்தை இழந்தார். அவ்வளைவுகளில் மீறல்களும் பெரிதும் குறைந்தன. நிலமே மீண்டும் நடுவராயிற்று.

ஆனால், வாழ்க்கையின் எல்லா வளைவுகளிலும் சரளை இடுதல் இயலாது. தேர்வு மண்டபத்தில் அடுத்தவர் விடைத்தாளுக்கும் தன் கண்ணுக்கும் இடையே சுவர் இல்லை. கண்காணிப்பவரும் எப்பொழுதும் அருகில் இரார். அங்குத் தன் எல்லைக்குள் நின்று நாற்பது மதிப்பெண் பெற்ற மாணவன், தன் ஆற்றல் எவ்வளவு என்பதை அறிவான். பார்த்தெழுதி எண்பது பெற்றவனோ அதனை அறியான்.