நான்கு விநாடிக் கணக்கு

சென்ற வாரம் எம் அன்னையாரைக் கைப்பிடித்து வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்தோம். பச்சை ஒளி கண்டே இறங்கினோம்; நடுவீதியை எய்துமுன் அது மறைந்தது. வாகனங்கள் உறுமின, ஹோர்ன்கள் அலறின.

"கெதியாய் வாங்கோ, அம்மா!" என்றோம்.

"என்ர கால் இவ்வளவுதானே நடக்கும், தம்பி" என்றார்.

குறை அன்னையின் காலிலா, விளக்கிலா? மறுநாள் வகுப்பிலே அதனைக் கணக்காகக் கொடுத்தோம். வீதியின் அகலம் 48 அடி என்க. விநாடிக்கு 4 அடி நடப்போருக்கு 12 விநாடி போதும். 3 அடியே நடக்கும் முதியோருக்கோ 16 விநாடி வேண்டும். எஞ்சிய அந்த 4 விநாடியில் ஓர் உயிர் ஊசலாடுகின்றது.

விநாடிக்கு 4 அடி என்பது பொறியியலாளர் நெடுங்காலம் கைக்கொண்ட நடையளவு. முதியோரையும் கருத்திற்கொண்டு, அமெரிக்க விதிநூல் 2009ஆம் ஆண்டில் அதனை மூன்றரை அடியாகக் குறைத்தது. அந்நாட்டிலேயே 1923இல் கறெற் மோர்கன் என்பார் காப்புரிமை பெற்ற சமிக்ஞைக் கருவியிலே, எல்லாத் திசை வாகனங்களையும் ஒருங்கே நிறுத்தும் நிலை ஒன்று இருந்தது. இன்றும் பல சந்திகளில் நாற்றிசையும் ஓரிரு விநாடி சிவந்து நிற்பது, நடுவில் அகப்பட்டோர் கரைசேரும் பொருட்டேயாம்.

"நேரத்தைக் கூட்டினால் வாகனங்கள் தேங்குமே, சேர்?" என்றான் ஒரு மாணவன்.

தேங்கும், உண்மைதான். ஆயினும் தேங்கிய வாகனம் சற்றுப் பிந்தியேனும் வீடு சேரும். இவ்வாறு விடை கூறியபோது எம் உள்ளம் உறுத்திற்று. பிறர் அன்னையர் கடக்கையில் ஹோர்னை அழுத்தியவர்தாமே நாமும்! விளக்கின் விநாடியை மாற்றுதல் எம்மால் இயலாது. ஹோர்னிலிருந்து கையை எடுத்தல் இயலும்.