கழுத்தில் ஒரு நெறிக்கட்டி

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. "நெறி கட்டியிருக்கா? எங்கே, காலைக் காட்டு" என்பார்கள். வீங்கிய இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தைத் தேடுவார்கள். பெரிய மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான் என்பதைப் பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவைச் சேர்ந்த நாங்கள் இவ்வாண்டு நேரில் கண்டோம்.

நம் உடலில் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, வயிறு என்று பல இடங்களில் காவல் சாவடிகளைப் போல அவை அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. தலையில் பேன் பற்றிச் சொறிந்து புண்ணானால் பிடரியில் நெறி கட்டும். சொத்தைப் பல்லும் தொண்டைப் புண்ணும் தாடைக்குக் கீழே வீக்கம் தரும். கையில் பூனை பிறாண்டினால் அக்குளில் கட்டும். கிருமிகள் வந்து சேரும்போது அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. அதனால் முடிச்சு வீங்குகிறது. ஆகவே பெரும்பாலான வீக்கங்கள் அஞ்சத்தக்கவை அல்ல. சிறுமியர் கழுத்தில் பட்டாணி அளவு முடிச்சுகள் தட்டுப்படுவது இயல்பே. (இதைப் படித்ததும் தோழியர் பலர் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பீர்கள் என்று அறிவோம். நாங்கள் 38 பேரும் அதைத்தான் செய்தோம்!)

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு, விடுதியில் தங்கிப் படிப்பவள், ஆடி மாதத்தில் கழுத்தின் வலப்புறம் ஒரு கட்டி தோன்றியது. வலியில்லை. வலி இல்லாததால் அவளும் பொருட்படுத்தவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றபோது பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். தோல் வெந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் "கண்டமாலையாக இருக்கும்" என்று சொல்லிவைக்க, அவளுடைய அம்மா அழத் தொடங்கிவிட்டார். பெண்பிள்ளையாயிற்றே, நாளை யார் கட்டுவார்கள் என்ற கவலை அவருக்கு.

கண்டமாலை பழைய நோய்தான். இங்கிலாந்தில் அரசர் கைபட்டால் அது தீரும் என்று நம்பினார்களாம். பின்னாளில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக 1712-இல் ஆன் அரசியிடம் தூக்கிச் சென்றார்கள், அரசி தொட்டார், நோய் தீரவில்லை. அது காசநோய்க் கிருமி செய்யும் வேலை என்று விளங்குவதற்கு ராபர்ட் காக் 1882-இல் அக்கிருமியைக் கண்டுபிடித்து அறிவிக்க வேண்டியிருந்தது.

விடுதிச் சிஸ்டர் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது எங்களில் இருவர் துணைக்குப் போனோம். அவள் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். டாக்டரம்மா உடனே எதுவும் எழுதித் தரவில்லை. எத்தனை வாரமாக இருக்கிறது, மாலையில் காய்ச்சல் வருகிறதா, இரவில் ஆடை நனைய வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார். பல், தொண்டை, காது பார்த்தார். மறு கழுத்தையும் அக்குளையும் வயிற்றையும் அழுத்திப் பார்த்தார். தொட்டால் வலித்து மென்மையாக இருப்பது பெரும்பாலும் சாதாரணத் தொற்று. ரப்பர் போல் இருந்தால் ஒருவகை, கல் போல் இறுகி அசையாமல் இருந்தால் வேறுவகை. காறை எலும்புக்கு மேலே எழும்பினால் அளவு சிறிதானாலும் விடக்கூடாது என்று எங்களுக்கும் சேர்த்தே விளக்கினார். இவளுடையதோ இரண்டு மூன்று முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தது.

பிறகு, "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?" என்றார். அவள் அம்மா சற்று நேரம் பேசவில்லை. "மாமனாருக்கு நாலு மாசமா இருமல்ங்க" என்றார் மெதுவாக.

மெல்லிய ஊசியால் முடிச்சிலிருந்து சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயோ என்று அவள் உள்ளூர அஞ்சியிருந்தது அன்று இரவு விடுதியில் அழுதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோயும் உண்டுதான். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகை இன்று பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடியது. ஆனால் அந்த இரவில் இதையெல்லாம் அவளிடம் யார் சொல்வது? அருகில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவே.

முடிவு காசநோய் என்று வந்தது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. தாத்தாவின் சளியில் கிருமி இருந்தது. அவருக்கும் உடனே மருந்து தொடங்கினார்கள். பேத்தியின் கழுத்துக் கட்டி இல்லாவிட்டால் அவர் இன்னும் வீட்டில் இருமிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஒன்றிரண்டு வீடுகளிலிருந்து அவளைத் தனியே உட்கார வைக்கும்படி கடிதம் வந்தது. முடிச்சில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றாது என்று டாக்டரம்மா எழுதித் தந்ததைத் தலைமையாசிரியைச் சிஸ்டர் அப்பெற்றோரை அழைத்துக் காட்டினார். அவள் இரண்டாம் பெஞ்சிலேயே இருக்கிறாள்; எங்கள் டிபன் பாக்ஸ்களில் வழக்கம்போல் கை வைக்கிறாள்.

ஆறு மாத மருந்து; இலவசம். சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயாக அரசு தந்துவந்த தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகவே பயந்துவிட்டாள். அது மருந்தின் நிறமாம். இரண்டாம் மாதம் கட்டி சற்றுப் பெருத்தது. மருந்து கேட்கவில்லையோ என்று அவள் அம்மா மீண்டும் ஓடிவந்தார். சிலருக்கு அப்படி நேர்ந்து பின் வடியும், நிறுத்தாதே என்றார் டாக்டரம்மா. அதன்படியே வடிந்தது.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நாளில் அவளுக்கு இன்னும் ஐந்து வார மாத்திரை பாக்கி. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. கொண்டைக்கடலை அளவில் ஒரு முடிச்சு மட்டும் தட்டுப்படுகிறது. அது அப்படியே நின்றுவிடவும் கூடுமாம். பெயர் போடாமல் எழுதுங்கள் என்று அவளே இதைப் படித்துப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தாள்.